21-க்கு 1: யாரும் உட்காராத வகுப்பறை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கிட்டுப் பேசப் போறோம். பள்ளிக்கூடம் பத்தி செய்தி வந்தாலே கூடவே வர்ற எண் அது: ஆசிரியர் மாணவர் விகிதம். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைங்க? இங்கிலீஷ்ல சுருக்கமா பிடிஆர். மதுரைக்காரங்க சிரிக்காதீங்க, நான் சொல்றது அவரை இல்ல.

எனக்கு ஊர் சுருளிப்பட்டி, தேனி மாவட்டம். கம்பத்துல இருந்து சுருளி அருவிக்குப் போயிருந்தீங்கன்னா எங்க ஊர்ப்பக்கமா வந்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் இருக்கும். 2023-ல புவிசார் குறியீடு வாங்குன கம்பம் பன்னீர் திராட்சை அதுதான். இப்ப வேலை சென்னையில, சாஃப்ட்வேர். ஆனா ஊருக்குப் போறப்பல்லாம் காலையில ஒரு காட்சியைப் பார்க்குறேன். விடியுறதுக்கு முன்னாடி ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க கம்பம் மெட்டுப் பக்கம் ஏறும். கொஞ்ச நேரம் கழிச்சு மஞ்சள் வேனுங்க பிள்ளைகளை ஏத்திக்கிட்டு கம்பம் டவுனுக்குப் போகும். அதுக்கப்புறம் மிச்சமிருக்குற பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க.

ஜீப்புல போறவங்க பிள்ளைங்க பெரும்பாலும் எங்க இருப்பாங்க? நடந்து போற கூட்டத்துல. நம்ம இன்னைக்குப் பேசப்போற விஷயத்துல பாதி இதுதான். ஒரு வகுப்புல எத்தனை பேர் இருக்காங்கங்கிற கேள்வியையும், அங்க யார் இருக்காங்கங்கிற கேள்வியையும் தனித்தனியா பார்க்க முடியாது.

சராசரி சொல்லாத கதை

முதல்ல எண்ணுக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதோட அட்டவணையில ஆசிரியர் கணக்கு தெளிவா இருக்கு. 1 முதல் 5 வகுப்பு வரைக்கும் 60 பிள்ளைங்க வரை இருந்தா 2 ஆசிரியர். 61-ல இருந்து 90 வரை 3. 91-ல இருந்து 120 வரை 4. 6 முதல் 8 வரைக்கும் கணக்கு வேற: வகுப்புக்கு ஒருத்தராவது வேணும், அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழின்னு பாடத்துக்கும் ஆள் வேணும், 35 பிள்ளைக்கு ஒருத்தர்ங்கிற விகிதத்துக்கும் குறையக் கூடாது.

நம்ம ஊர்ல நடுநிலைப்பள்ளின்னா 1 முதல் 8 வரைக்கும். அதாவது இந்த ரெண்டு கணக்கும் ஒரே காம்பவுண்டுக்குள்ள நடக்குது. இப்ப ஒரு கற்பனைப் பள்ளி எடுத்துப்போம். 1 முதல் 5 வரை வகுப்புக்கு 12 பேர், மொத்தம் 60. சட்டப்படி 2 ஆசிரியர். 6, 7, 8-ல வகுப்புக்கு 15 பேர், மொத்தம் 45. ஆசிரியர் 3. தலைமையாசிரியரை இந்தக் கணக்குல சேர்க்கல. ஆக 105 பிள்ளைங்க, 5 ஆசிரியர். விகிதம் 21-க்கு 1. டேஷ்போர்டுல பச்சை கலர் எரியும். வெளிநாட்டுப் பள்ளி மாதிரி இருக்கேன்னு தோணும்.

இப்ப உள்ள போய்ப் பார்ப்போம். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு ஆசிரியர்தானே? ஒருத்தர் 1, 2, 3-ஐ எடுத்துக்குவார், 36 பேர். இன்னொருத்தர் 4, 5-ஐ எடுத்துக்குவார், 24 பேர். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு 36 பேர் இருக்குற ரூம்ல உட்கார்ந்திருக்கு. அங்க மூணு வகுப்போட புத்தகம் ஓடுது. 40 நிமிஷப் பீரியடை மூணா பிரிச்சா அதோட பங்குக்கு 13 நிமிஷம்தான். பக்கத்து ரூம்ல ஏழாம் வகுப்புப் பிள்ளை 15 பேரோட ஒரு ஆசிரியர்கிட்ட படிக்குது. 21 பேர் உட்கார்ந்திருக்குற வகுப்பு அந்தப் பள்ளியிலயே கிடையாது.

நம்ம துறையில இருக்குறவங்களுக்கு இது பழக்கமான தலைவலி. சர்வர் பதில் சொல்ற சராசரி நேரம் நல்லாத்தான் இருக்கும், ஆனா நூத்துல அஞ்சு பேருக்கு ஆப் திறக்கவே திறக்காது. சராசரியை மட்டும் பார்க்குற மேனேஜருக்கு அந்த அஞ்சு பேர் இருக்குறதே தெரியாது.

இன்னொரு தந்திரமும் இருக்கு. ரெண்டு வகுப்புன்னு வச்சுக்கோங்க. ஒண்ணுல 12 பேர், இன்னொண்ணுல 48 பேர். வகுப்புக்குச் சராசரி எவ்வளவு? 30. சரி, இப்ப அதையே பிள்ளைங்ககிட்ட கேளுங்க: "உன் வகுப்புல எத்தனை பேரு?" 60 பிள்ளைகள்ல 48 பேர், அதாவது 80 சதவீதம் பேர், "48"னுதான் சொல்வாங்க. 12 பேர் மட்டும்தான் "12"ம்பாங்க. பிள்ளைங்க சொல்ற பதில்களோட சராசரி 40.8. அதிகாரி சொல்ற 30-ம் பொய்யில்ல, பிள்ளைங்க சொல்ற 40.8-ம் பொய்யில்ல. கேள்வி யார்கிட்ட கேட்டோம்ங்கிறதுதான் வித்தியாசம். கூட்டமான ரூம்லதான் நிறைய பேர் இருக்காங்க, அதனால வகுப்புங்க ஒரே அளவுல இல்லன்னா, பிள்ளைங்க சொல்ற பதில்களோட சராசரி வகுப்புச் சராசரியை விட நெருக்கடியாத்தான் இருக்கும்.

எங்க பள்ளத்தாக்குல இந்த 12-ம் 48-ம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனது. கிராமத்துல வகுப்பு காலியாகுறதும் டவுன்ல வகுப்பு நிரம்புறதும் ஒரே வேன் செய்யுற வேலை.

ஒரு பிள்ளை போனா ஒரு ஆசிரியர்

எங்க சித்தி ஒருத்தங்க பையனை டவுனுக்கு வேன்ல அனுப்புறாங்க. "ஏன் சித்தி, நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கே?"ன்னு கேட்டேன். "இல்லப்பா, ரெண்டு மூணு வகுப்பை ஒரே டீச்சர் பார்க்குறாங்க. பாவம், அவங்களும் என்னதான் பண்ணுவாங்க?"ன்னாங்க. இங்கிலீஷ் மீடியம், டை, ஷூன்னு சொல்வாங்கன்னு நினைச்சேன். அவங்க சொன்னது ஆள் பத்தாததைப் பத்தி. இதுல அவங்களைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்ல. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் பண்ணுவேன்.

ஆனா அந்த முடிவு என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். அட்டவணையை மறுபடி பாருங்க. 61 பிள்ளைன்னா 3 ஆசிரியர். 60-ன்னா 2. நடுவுல சரிவு கிடையாது, படிக்கட்டுதான். கோடு எழுதுறவங்களுக்குச் சொன்னா, ஒரே ஒரு இஃப் கண்டிஷன். 61 பேர் இருக்குறப்போ ஒரு ஆசிரியருக்கு ஏறக்குறைய 20 பேர். ஒரே ஒரு பிள்ளை டிசி வாங்குனா ஒரு ஆசிரியருக்கு 30 பேர் ஆகிடும்.

தமிழ்நாட்டுல ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்குப் பொதுவா ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையைத்தான் எடுத்துக்குவாங்க. கணக்குக்கு மேல இருக்குற ஆசிரியருக்குப் பேரு உபரி. பணிநிரவல்ங்கிற பேர்ல அவரை ஆள் தேவைப்படுற இன்னொரு பள்ளிக்கு மாத்துவாங்க. அரசு பக்கத்துல இருந்து பார்த்தா இது நியாயம். ஆள் பத்தாத பள்ளி எங்கயோ இருக்கே, சும்மா விட முடியுமா? ஆனா ஆசிரியர் போனதும் என்ன ஆகும்? இன்னும் ரெண்டு வகுப்பு ஒண்ணா சேரும். அதைப் பார்த்துட்டு இன்னும் நாலு வீட்டுல "வேன்லயே அனுப்பிடுவோம்"னு முடிவெடுப்பாங்க. அடுத்த ஆகஸ்ட்ல எண்ணிக்கை இன்னும் குறையும். இந்த லூப் தானா நிக்காது.

இதுல யாரும் தப்பு பண்ணல. பெத்தவங்க பிள்ளைக்கு நல்லது தேடுறாங்க, அதிகாரி விதியைப் பின்பற்றுறார், ஆசிரியர் உத்தரவுப்படி போறார். ஆனா கடைசியில விலை கொடுக்குறது வேனுக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைங்க.

யார் எங்க உட்கார்றாங்க?

எண்ணிக்கை குறையுறதுக்குத் தனியார் பள்ளி மட்டும் காரணம் இல்லங்கிறதையும் சொல்லிடணும். தேசிய குடும்ப நல ஆய்வோட 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிலையா இருக்கணும்னா 2.1 வேணும். ஒரு பிள்ளைகூட வேன் ஏறலன்னாலும் ஒண்ணாம் வகுப்பு பெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா காலியாகத்தான் செய்யும்.

அதே சமயம் ஓட்டம் எப்பவும் ஒரே திசையிலயும் இல்ல. கிராமப்புற இந்தியாவைப் பார்க்குற ஏசர் ஆய்வுல, 6 முதல் 14 வயசுப் பிள்ளைகள்ல அரசுப் பள்ளியில படிச்சவங்க 2018-ல 65.6 சதவீதம். கொரோனா முடிஞ்சு 2022-ல அது 72.9. 2024-ல மறுபடி 66.8. வேலை போனப்போ, ஃபீஸ் கட்ட முடியாதப்போ அரசுப் பள்ளிதான் தாங்குச்சு. கையில காசு வந்ததும் திரும்பிப் போயிட்டாங்க. கூட்டமா வந்த வருஷம் அதே வகுப்புல நெருக்கடி, போன வருஷம் உபரி. அங்கயே இருந்த பிள்ளை ரெண்டையும் அனுபவிச்சுச்சு.

ஆறாம் வகுப்புல இன்னொரு கதவு திறக்குது. 2020-ல வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. 2022 செப்டம்பர்ல வந்த புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்ட்ல வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம், ரெண்டுலயும் கல்லூரிக்குப் போனா மாசம் 1000 ரூபாய். அதுக்கும் 6-ல இருந்துதான் கணக்கு. அதனால அஞ்சு வரைக்கும் தனியார்ல படிக்க வச்சுட்டு ஆறுல அரசுப் பள்ளிக்கு மாத்துறதுக்கு வீடுகளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சிருக்கு. அப்படி மாறி வர்றப்போ ஒரே பெஞ்சுல ஒரு பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துல இருந்து வந்திருக்கும், பக்கத்துல இருக்குற பிள்ளை மூணு வகுப்பு ஒண்ணா நடந்த ரூம்ல இருந்து வந்திருக்கும். எண்ணிக்கையில ரெண்டும் ஒண்ணுதான். ஆசிரியருக்கு அது ரெண்டு தனி வகுப்பு மாதிரி.

எங்க மாவட்டத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு: கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். குற்றப் பரம்பரைச் சட்டம் நடந்த காலத்துல, 1920 வாக்குல தொடங்குன சீரமைப்புத் திட்டத்தோட தொடர்ச்சி அது. அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947-ல ரத்து பண்ணிடுச்சு, ஆனா மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல அந்தப் பள்ளிகள் இன்னைக்கும் நடக்குது. இது போக ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, அப்புறம் தனியார். ஒவ்வொண்ணும் ஒரு தேவைக்காக, ஒரு காலத்துல வந்தது. பல பேருக்கு முதல் எழுத்தைக் கொடுத்ததும் அதுங்கதான். ஆனா இன்னைக்கு மொத்தமா பார்த்தா, யார் யாரோட உட்கார்ந்து படிக்கணும்ங்கிறது முதல் மணி அடிக்குறதுக்கு முன்னாடியே பாதி முடிவாகிடுது. சின்ன ஊர்ல பிள்ளைங்க இத்தனையா பிரியுறப்போ ஒவ்வொரு வகுப்பும் சின்னதாகும்ங்கிறதுல ஆச்சரியம் இல்ல.

சின்ன வகுப்புன்னா நல்ல வகுப்பா?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். 12 பேர் இருக்குற வகுப்பு நல்லதுதானே?

இதுக்கு உலகத்துலயே பிரபலமான சோதனை அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல 1985-ல தொடங்குச்சு. ஸ்டார்னு பேரு. 79 பள்ளி, சுமார் 11,600 பிள்ளைங்க. குலுக்கல் முறையில சிலரை 13 முதல் 17 பேர் இருக்குற வகுப்புலயும், சிலரை 22 முதல் 25 பேர் இருக்குற வகுப்புலயும் போட்டாங்க. மழலையர் வகுப்புல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைங்க நல்லா படிச்சாங்க. ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகமா இருந்துச்சு.

இஸ்ரேல்ல வேற கதை. அங்க ஒரு வகுப்புக்கு 40 பேர்தான் வரம்பு. 41-ஆவது ஆள் வந்தா வகுப்பு ரெண்டா பிரியும். இந்தப் படிக்கட்டை வச்சே ஆங்ரிஸ்ட், லவி ரெண்டு பேரும் 1999-ல ஒரு கட்டுரை எழுதுனாங்க: சின்ன வகுப்புல மார்க் கூடுது. 2019-ல புது டேட்டாவை வச்சு, இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து அவங்களே மறுபடி பார்த்தாங்க. இந்தத் தடவை பலன் எதுவும் தெரியல. சொந்த முடிவையே திரும்பத் தோண்டிப் பார்த்துட்டு வெளிப்படையா எழுதுனாங்க பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட்.

இதுல இருந்து நான் எடுத்துக்குறது என்னன்னா, எண்ணிக்கை மட்டும் பாடம் நடத்தாது. டென்னசியில 15 பேருக்கு ஒரு ஆசிரியர், ஒரே வகுப்பு, ஒரே பாடம். எங்க ஊர்ப்பக்கம் 12 பேர் வகுப்புன்னா அதுகூட இன்னும் ரெண்டு வகுப்பு சேர்ந்திருக்கும். ரெண்டையும் "சின்ன வகுப்பு"ன்னு ஒரே பேர்ல கூப்பிட முடியாது.

சரி, வகுப்புகளைச் சேர்க்குறதே பாவமா? அதுவும் இல்ல. ஆந்திராவுல ரிஷிவேலியில, ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்குன்னே அட்டைகளை வச்சுப் படிக்குற முறை ஒண்ணை உருவாக்குனாங்க. அதைத் தழுவி வந்ததுதான் நம்ம செயல்வழிக் கற்றல். 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கி, சில வருஷத்துல மாநிலம் முழுக்கப் போச்சு. உங்கள்ல சில பேர் ஏணிப்படி வரைஞ்ச சார்ட்டையும், தரையில வட்டமா உட்கார்ந்து படிச்சதையும் மறந்திருக்க மாட்டீங்க. அங்க வேற வேற வகுப்புப் பிள்ளைங்க ஒண்ணா உட்கார்றதைக் குறையா பார்க்கல, திட்டமே அப்படித்தான். 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் வயசை விட்டுட்டு நிலையைத்தான் பார்க்குறாங்க: அரும்பு, மொட்டு, மலர்.

ஆக, வகுப்பைச் சேர்க்கலாம். ஆனா அதுக்கு ஏத்த பொருள், பயிற்சி, ஆசிரியர் வகுப்புல இருக்குறதுக்கான நேரம் மூணும் வேணும். ஆள் இல்லங்கிறதுக்காகச் சேர்க்குறதும், சேர்ந்து படிக்கட்டும்னு திட்டம் போட்டுச் சேர்க்குறதும் வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ள இருக்குற பிள்ளைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நாம என்ன பண்ணலாம்?

"நான் பெங்களூர்ல இருக்கேன் ப்ரோ, எனக்கு என்ன?"ன்னு கேட்கலாம். மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, உங்க ஊர்ப் பள்ளியைப் பாருங்க. இந்தியாவுல ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் இருக்கு. யுடைஸ் பிளஸ் தளத்துல பள்ளியோட ரிப்போர்ட் கார்டை யார் வேணும்னாலும் பார்க்கலாம். வகுப்புக்கு எத்தனை பேர், எத்தனை ஆசிரியர்னு அதுல இருக்கும். மொத்தத்தை வகுக்காதீங்க. 1 முதல் 5 வரை தனியா, 6 முதல் 8 வரை தனியா பாருங்க. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு ஆசிரியர்னு இருந்தா கதை உங்களுக்கே புரிஞ்சிடும்.

ரெண்டு, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல இங்க குழுக்களை மாத்தி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தாங்க. அந்த இடத்துல உட்கார வேண்டியது நம்ம செட்டுதான். பெயிண்ட் அடிக்கவும், ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுக்கவும் நாம ரெடி. அதோட சேர்த்துக் கூட்டத்துல ஒரு கேள்வி கேளுங்க: "ஒரே ரூம்ல எத்தனை வகுப்பு நடக்குது? எத்தனை மணி நேரம்?" அதைத் தீர்மானமா எழுத வைங்க.

மூணு, தேதி. ஆகஸ்ட் 1-க்கு அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. 58, 59-ல நிக்குற பள்ளிக்கு ரெண்டு மூணு பிள்ளைங்க சேர்ந்தாலே ஒரு பணியிடம் கேட்குறதுக்கு வழி பிறக்கும். மே, ஜூன்ல ஊருக்குப் போறப்போ, அந்தத் தெருவுல ஒண்ணாம் வகுப்பு சேர வேண்டிய பிள்ளை இருக்குற வீடுகள்ல பேசுங்க. "அரசுப் பள்ளியில சேருங்க"ன்னு உபதேசம் பண்ண வேண்டாம். சட்ட அட்டவணையைக் காட்டி, "இன்னும் மூணு பேர் சேர்ந்தா இன்னொரு டீச்சர் கேட்கலாம்"னு சொல்லுங்க. நாலு வீடு சேர்ந்து முடிவெடுத்தா யாரும் தனியா ரிஸ்க் எடுக்க வேண்டியதில்ல. எங்க சித்திகிட்ட நான் இதைச் சொன்னப்போ, "நாலு பேர் சேர்ந்தா நானும் யோசிக்கிறேன்"னாங்க. இப்போதைக்கு அவ்வளவுதான். பையன் இன்னும் வேன்லதான் போறான்.

அரசுக்கும் ஒண்ணு சொல்லணும். 60-க்கும் 61-க்கும் நடுவுல இருக்குற அந்தப் படிக்கட்டு சட்டம் சொல்ற குறைந்தபட்சம். அதுக்கு மேல ஆள் போடக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. அஞ்சு வகுப்பு இருக்குற இடத்துல ரெண்டு பேர் போதுமாங்கிறது மாநில அரசு எடுக்கக்கூடிய முடிவு. அதைக் கேட்குறதுக்கு ஓட்டுப் போடுற நமக்கு உரிமை இருக்கு.

உங்க ஊர்ப் பள்ளியோட கணக்கைப் பார்த்துட்டு எழுதுங்க: 1 முதல் 5 வரை எத்தனை பிள்ளைங்க, எத்தனை ஆசிரியர். பள்ளி பேர் வேண்டாம், மாவட்டம் போதும். வந்த பதில்களை வச்சு இன்னொரு எபிசோட்ல பேசலாம்.